வாடகை அறையே கமரா

கொழும்பில் இன்று நல்ல கமரா ஒன்று வாங்கப் போனால் இலட்சங்களில்தான் பேச்சு. ஆனால் ஹெந்தளையிலோ கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ குடியிருப்பவர்களின் கைவசம், கடையில் உள்ள எல்லாவற்றையும்விடப் பெரிய கமரா ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. மாதம் தவறாமல் அதற்கு வாடகையும் கட்டி வருகிறார்கள். தெருப்பக்கத்து அறையின் யன்னலை வெளிச்சம் புகாதபடி அடைத்து, அந்த அடைப்பில் ஒரு ரூபாய்க் குற்றியைவிடச் சிறிதாக ஒரு துளை விட்டால், எதிர்ச்சுவரில் தெரு வந்து விழும்.

விழுவது தலைகீழாக. வானம் தரையோரம் கிடக்கும். தென்னைகள் வட்டைக் கீழே விட்டுத் தொங்கும். ஒழுங்கையால் போகிற ஆட்டோ சீலிங்குக்குச் சற்றுக் கீழே, சக்கரம் மேலாக ஓடும். நிறமும் உண்டு, அசைவும் உண்டு. மின்சாரம் மட்டும் தேவையில்லை. 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்வெட்டு என்று அறிவித்த நாட்களிலும் இந்தக் கமரா வேலை செய்திருக்கும். அப்போது யாருக்கு இதற்கு மனம் இருந்திருக்கும் என்பது வேறு கதை.

பாடசாலையில் ஊசித்துளைக் கமரா செய்து பார்க்காதவர்கள் குறைவு. பால்மா ரின்னின் அடியில் ஓர் ஆணித்துளை, வாயில் எண்ணெய் தடவிய தாள், முன்னால் மெழுகுதிரி. சுடர் தலைகீழாகத் தெரிந்ததும் வரைபடம் கீறி, ஒளி நேர்கோட்டில் செல்கிறது என்று எழுதி, புள்ளியை வாங்கிக்கொண்டு அத்தோடு மறந்துவிடுவதுதான் வழக்கம். அதே ரின்னுக்குள் ஆள் போய் உட்காரலாம் என்று வாத்தியார் சொல்லியிருந்தால் விஞ்ஞான பாடத்துக்கு இன்னும் கொஞ்சம் கூட்டம் சேர்ந்திருக்கும்.

நடப்பது என்னவோ எளிமையானது. வெயிலில் நிற்கிற தென்னையின் உச்சியிலிருந்து ஒளி நாலா பக்கமும் தெறிக்கிறது. யன்னல் திறந்திருந்தால் அதில் ஒரு பங்கு உள்ளே வந்து சுவர் முழுவதும் பரவும். அடிமரத்திலிருந்து வருவதும் அதே சுவர் முழுவதும் பரவும். பக்கத்து மதில், கொடியில் காயும் உடுப்பு, வானம் எல்லாவற்றின் ஒளியும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து வெறும் வெளிச்சமாகிவிடுகிறது. துளை புதிதாக எதையும் கொண்டுவருவதில்லை, மறிக்கிறது. ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் வருகிற ஒளியில் ஒரு மெல்லிய கற்றையை மட்டும் விட்டு, மிச்சத்தை வெளியே நிறுத்திவிடுகிறது. உச்சியிலிருந்து சரிந்து வரும் கற்றை சுவரின் கீழ்ப்பக்கம் போகும். அடியிலிருந்து ஏறி வருவது மேலே போகும். அவ்வளவுதான் தலைகீழின் கதை.

ஒரே துளைக்குள் இத்தனை கற்றைகள் நுழைகின்றனவே, ஒன்றோடொன்று முட்டிக் குழம்பாதா? ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இதைச் சோதித்தவர் பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல் ஹைத்தம். பல விளக்குகளை வரிசையாக வைத்து, அவற்றின் ஒளியை ஒரு துளை வழியாக இருட்டுக்குள் விழவிட்டார். விளக்குக்கு ஒன்றாக ஒளிப்பொட்டுகள் விழுந்தன. ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய பொட்டு மட்டும் மறைந்தது, மற்றவை அசையவில்லை. கற்றைகள் துளையில் கடந்து போகின்றனவே தவிரக் கலப்பதில்லை. இரவில் மூன்று மெழுகுதிரியும் ஒரு மட்டையும் இருந்தால் இந்தச் சோதனையைச் சாப்பாட்டு மேசையிலேயே செய்யலாம்.

இனி அறை. களனி ஆற்றைக் கடந்து வத்தளைப் பக்கம் போய்க் கடலை நோக்கித் திரும்பினால் வருகிற ஹெந்தளை இதற்குத் தோதான ஊர். கொழும்பின் நெரிசலை ஒட்டி இருந்தும் இன்னும் கொஞ்சம் வானம் மிச்சம் இருக்கிறது. மாடி வீடுகளும் தென்னைகளும் கலந்து நிற்கின்றன. ஆங்கிலேயர் 1802க்கும் 1804க்கும் இடையில் வெட்டிய ஹமில்டன் கால்வாய் அருகில் ஓடுகிறது. துளைக்கு முன்னால் வெயில் விழும் காட்சி இருபது மீற்றருக்கு அப்பாலிருந்து தொடங்க வேண்டும். கையெட்டும் தூரத்தில் பக்கத்து வீட்டுச் சுவர் நின்றால் அந்தச் சுவர்தான் படம். கீழ்மாடியைவிட மேல்மாடி நல்லது. எதிர்ச்சுவர் வெள்ளையாகவோ வெளிர் நிறமாகவோ இருக்க வேண்டும். பச்சை டிஸ்டெம்பர் அடித்த சுவரில் எல்லாமே பச்சை.

அடைப்பதற்கு ஹாட்வெயார் கடையில் விற்கிற கறுப்புப் பொலித்தீனை இரண்டாக மடித்துப் பயன்படுத்தலாம். பெரிய காட்போட் பெட்டிகளை வெட்டியும் பொருத்தலாம். விளிம்பெல்லாம் அகலமான டேப். ஆட்கள் தவறவிடுகிற இடம் யன்னல் அல்ல. யன்னலுக்கு மேலே காற்றுக்கு விட்ட துவாரங்கள், கதவுக்குக் கீழ் இடுக்கு, சாவித் துவாரம், ஏசி பொருத்திய இடத்தில் சுவருக்கும் பெட்டிக்கும் நடுவில் விட்ட விரல் அகல வெளி, இவைதான் படத்தைக் கெடுப்பவை. கதவிடுக்குக்குப் பழைய சாரம் ஒன்றைச் சுருட்டி வைத்தால் போதும். அடைத்த அறையில் அரை மணிநேரத்தில் வியர்த்துக் கொட்டும். மின்விசிறியைப் போடுவதால் படத்துக்கு ஒன்றும் ஆகாது, பொலித்தீன் படபடக்காமல் ஒட்டியிருந்தால் சரி. யன்னல் திடீரென்று கறுப்பானால் அயலில் கேள்வி வரும் என்பதால், முதலிலேயே சொல்லி வைப்பதும், முடிந்தால் அவர்களையும் உள்ளே கூப்பிடுவதும் புத்தி.

அடைப்பின் நடுவில், கண்மட்டத்தில், உள்ளங்கை அளவு சதுரமாக ஒரு வாசல் வெட்டி, துளையிட்ட மட்டையை அதன்மேல் ஒட்ட வேண்டும். காரணம் உண்டு: எந்த அளவுத் துளை நல்லது என்பது உள்ளே இருந்து மாற்றி மாற்றிப் பார்த்தால்தான் தெரியும். 5, 10, 15, 25 மில்லிமீற்றர் என்று நாலைந்து மட்டைகளை முன்கூட்டியே செய்து வைத்துக்கொள்வது வசதி. துளையின் விளிம்பு பிசிறில்லாமல் இருக்க, மட்டையில் பெரிய ஓட்டை போட்டு, அதன்மேல் அலுமினியத் தாளை ஒட்டி, அந்தத் தாளில் துளையிடுவது நல்லது.

பிறகு பொறுமை. வெயிலிலிருந்து அறைக்குள் வந்தவர் முதல் நிமிடத்தில் பார்ப்பது இருட்டை மட்டுமே. 15 மில்லிமீற்றர் துளை வழியாக மூன்று மீற்றர் தள்ளியுள்ள சுவரில் விழும் ஒளி, நடுப்பகல் வெயிலிலும் ஏறக்குறைய முழுநிலா வெளிச்சம் அளவுதான். கண் அதற்குப் பழகப் பத்துப் பதினைந்து நிமிடம் எடுக்கும். முதலில் வானத்தின் வெளிறல் கீழே தெரியும். பிறகு கூரைகளின் விளிம்பு. அதன்பின் ஏதாவது ஒன்று அசையும், அசைந்ததும் மற்றதெல்லாம் பிடிபட்டுவிடும். போனை எடுத்து நேரம் பார்த்தால் பழகிய கண் பழையபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

துளையின் அளவில் ஒரு பேரம் இருக்கிறது. மூன்று மீற்றர் ஆழமான அறைக்கு ஆகக் கூர்மையான படம் தரும் துளை சுமார் இரண்டரை மில்லிமீற்றர். அதைவிடச் சிறிதாக்கினால் ஒளி அலையாக வளைந்து பரவத் தொடங்கிப் படம் மறுபடி மங்கும். இரண்டரை மில்லிமீற்றரிலோ படம் கூர்மைதான், ஆனால் பார்ப்பதற்கு வெளிச்சம் போதாது. 15 மில்லிமீற்றர் துளை அதைப்போல முப்பத்தாறு மடங்கு ஒளியை விடும்; பதிலுக்கு ஒவ்வொரு புள்ளியும் ஒன்றரைச் சென்ரிமீற்றர் பொட்டாக வீங்கும். புதிதாகச் செய்கிறவர்கள் 15இல் தொடங்கி 10க்கு இறங்குவதே நல்லது.

சுவரில் என்ன அளவில் விழும் என்பதற்குப் பெரிய கணக்கு வேண்டாம். பொருளின் உயரத்தை அறையின் ஆழத்தால் பெருக்கிப் பொருளின் தூரத்தால் வகுத்தால் வந்துவிடும். 60 மீற்றர் தூரத்தில் நடந்து போகிறவர் மூன்று மீற்றர் அறையில் எட்டு, எட்டரைச் சென்ரிமீற்றர் ஆள். நடையை வைத்து இன்னார் என்று ஊகிக்கலாம், முகம் தெரியாது. எதிர் மாடியில் இருப்பவரை உளவு பார்க்கிற கருவி இது அல்ல என்று ஆறுதல் கொள்ளலாம். ஏறத்தாழ 350 மீற்றர் உயரமான தாமரைக் கோபுரம் ஹெந்தளையிலிருந்து ஏழு கிலோமீற்றர் என்று வைத்துக்கொண்டால், சுவரில் பதினைந்து சென்ரிமீற்றர் மங்கலான குச்சி. கொட்டாஞ்சேனையில் இரண்டு கிலோமீற்றர் தூரத்து மாடியில் அதுவே அரை மீற்றருக்கு மேல் வளர்ந்து நிற்கும், அல்லது தொங்கும்.

கோபுரம் என்றதும் ஹம்பி நினைவுக்கு வராமல் போகாது. கர்நாடகத்தில் விஜயநகரத்தின் பழைய தலைநகரில் விரூபாட்சர் கோயிலுக்குப் போகிறவர்களைக் கருவறைக்குப் பின்புறமுள்ள ஓர் இருண்ட அறைக்கு அழைத்துப் போய்க் காட்டுவார்கள். சுவரில் சின்ன இடுக்கு. எதிர்ச்சுவரில், ஏறத்தாழ 50 மீற்றர் உயரமான ஒன்பது நிலைக் கிழக்குக் கோபுரம் கலசம் கீழாக விழுந்து கிடக்கும். அங்கே அதை நிழல் என்றுதான் சொல்கிறார்கள். நிழலுக்கு நிலைகள் தெரியாது, இதில் தெரியும். ஒளி வரைந்த படம் அது. இதைப் பற்றி இணையத்தில் உலவுகிற ‘முன்னோரின் இரகசிய விஞ்ஞானம்’ பேச்செல்லாம் தேவையில்லாத சுமை. வெயிலில் நிற்கும் உயரமான கோபுரம், அதைப் பார்த்தபடி ஓர் இருட்டறை, நடுவில் ஒரு சிறு திறப்பு: மூன்றும் நேர்க்கோட்டில் அமைந்தால் படம் விழுந்தே தீரும். கொச்சிக்கடையில் பொன்னம்பலவாணேசர் கோயில் கோபுரமோ கொட்டாஞ்சேனையில் சென். லூசியா பேராலயத்தின் குவிமாடமோ தெரிகிற மாடி அறை எதிலும் ஹம்பியை நாளைக்கே நிறுவலாம்.

இப்படி ஓர் இருட்டறையை வைத்து ஊர் பார்க்கப் பழக்கிய ஒருவர், பிற்காலத்தில் கொழும்புக்கே திட்டம் கீற வந்தார். ஸ்கொட்லாந்தின் எடின்பரோவில் கோட்டைக்கு ஏறும் தெருவில் ஒரு கோபுரக் கட்டடம் இருக்கிறது. 1850களில் மரியா ஷோர்ட் என்பவர் அதன் உச்சியில் வில்லையும் ஆடியும் பொருத்தினார். நகரம் மேலிருந்து இறங்கி, இருட்டறைக்குள் ஒரு வட்டமான வெள்ளை மேசையில் விழுந்தது. கட்டணம் கட்டி மக்கள் பார்த்தார்கள். 1892இல் அந்தக் கட்டடம், கொழும்புக்குத் திட்டம் கீற வந்த அந்த ஒருவரான பட்ரிக் கெடிஸின் கைக்கு வந்தது.

கெடிஸ் அடிப்படையில் உயிரியலாளர். 1879இல் ஆய்வுக்காக மெக்சிக்கோ போன இடத்தில் கண் பழுதாகி, வாரக்கணக்கில் இருட்டறையில் அடைபட்டுக் கிடந்தார். அந்த நாட்களில் யன்னல் சட்டங்களைக் கையால் தடவித் தடவி, அவற்றின் கட்டங்களுக்குள் எண்ணங்களை அடுக்கப் பழகினார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். நுணுக்குக்காட்டி வேலை அதன்பின் அவருக்குச் சரிவரவில்லை. பார்வை ஊர்களின் பக்கம் திரும்பியது. எடின்பரோக் கட்டடத்தை அவர் ஒரு பள்ளிக்கூடமாகவே நடத்தினார். வருகிறவர்களை முதலில் நேரே உச்சிக்கு, மூச்சிரைக்க ஏற்றிவிடுவார். இருட்டறையில் மேசைமேல் நகரம் முழுவதும் ஒன்றாக அசைவதைப் பார்த்த பிறகுதான் கீழே இறங்கலாம். அடுத்த மாடியில் எடின்பரோ, அதற்கும் கீழே ஸ்கொட்லாந்து, பிறகு ஐரோப்பா, அடித்தளத்தில் உலகம் என்று காட்சிகள் வைத்திருந்தார். சொந்த ஊரைப் பார்க்காதவனுக்கு உலகப்படம் எதற்கு என்பது அவர் கட்சி.

சென்னை ஆளுநர் பென்ட்லண்ட் பிரபுவின் அழைப்பில் 1914இல் அவர் இந்தியாவுக்குக் கப்பலேறினார். நகரங்கள் பற்றிய அவருடைய கண்காட்சிப் பொருட்கள் வேறொரு கப்பலில் வந்தன. அந்தக் கப்பலைத்தான் ஜெர்மனியின் போர்க்கப்பல் எம்டன் மூழ்கடித்தது. சென்னையில் குண்டு போட்டுத் தமிழர் வாயில் நிரந்தரமாக இடம்பிடித்த அதே எம்டன். நண்பர்கள் மறுபடி சேர்த்து அனுப்பியவற்றை வைத்து 1915இல் சென்னைப் பல்கலைக்கழக செனட் மண்டபத்தில் கண்காட்சி நடந்தது. தஞ்சாவூர், மதுரை முதலிய ஊர்களை நடந்து பார்த்து அறிக்கை எழுதினார். வீடுகளை இடித்து நேர்த்தெரு போடும் பொறியியலாளர் திட்டங்களை அவர் ஒத்துக்கொள்ளவில்லை. இங்கே ஒரு பாழ்மனை, அங்கே ஒரு சிறு திறப்பு என்று தொட்டுச் சரிசெய்தால் போதும் என்றார். 1921இல் கொழும்பு நகர அமைப்பு பற்றிய அவரது ஆரம்ப அறிக்கை வெளிவந்தது. கொழும்பு பூங்கா நகரமாக வேண்டும் என்ற கனவுக்கு அடி போட்டவர் என்று கட்டடக்கலை படிக்கும் மாணவர்கள் இன்றும் அவர் பெயரைப் படிக்கிறார்கள். அவருடைய இருட்டறையைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. பார்ப்பது முதல், கீறுவது பிறகு என்ற அவர் பிடிவாதத்துக்கு அந்த மேசையைவிட நல்ல விளக்கம் கிடைக்காது.

எடின்பரோவில் அந்த இருட்டறை இன்றும் பார்வையாளருக்குத் திறந்திருக்கிறது. வழிகாட்டி ஒருவர் ஒரு துண்டு வெள்ளைத் தாளை மேசைமேல் பிடித்து, தெருவில் போகிறவரை அந்தத் தாளில் ஏற்றித் தூக்கிக் காட்டுவார். சிறுவர்களுக்கு இதைவிடப் பெரிய வித்தை வேண்டியதில்லை.

அங்கே வெளிச்சம் தாராளமாக இருப்பதற்குக் காரணம் வில்லை. வீட்டிலும் அதற்கு வழி உண்டு. மூக்குக் கண்ணாடிக் கடையில் சட்டத்துக்கு வெட்டாத +0.50 வில்லை ஒன்று கேட்டு வாங்கலாம். அதன் குவியத்தூரம் இரண்டு மீற்றர். 65 மில்லிமீற்றர் அகலமான அந்த வில்லையைத் துளைக்குப் பதிலாகப் பொருத்தினால், 15 மில்லிமீற்றர் துளை சுவரில் தந்ததைவிட நாற்பது மடங்கு வெளிச்சத்தில் படம் விழும், கூர்மையும் கூடும். ஆனால் சுவரில் அல்ல, இரண்டு மீற்றரில். அங்கே ஒரு வெள்ளை வேட்டியைக் கொடி கட்டித் தொங்கவிட்டு, முன்னும் பின்னும் நகர்த்திப் பார்க்க வேண்டும். முப்பது மீற்றர் தூரத்துக் கடை துலங்குகிற இடத்துக்கும் தொலைவிலுள்ள தென்னை துலங்குகிற இடத்துக்கும் ஒரு சாண் அளவுக்குக் குறைவாக வித்தியாசம் இருக்கும். ஓரங்கள் கலங்கினால் வில்லையின் முன் நடுவில் ஓட்டை வெட்டிய மட்டை ஒன்றை வைத்து அகலத்தைக் குறைக்கலாம்.

வேட்டிக்கு இன்னொரு பயன். துளையின் பக்கம் நின்று வேட்டியைப் பார்த்தால், சுவரைப் பார்ப்பது போலவே, படம் தலைகீழாக மட்டுமல்ல, நிமிர்த்தினால் இடவலமும் மாறிவிடும். கடைப்பலகையில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றுமே ஒரே நீதியாக வாசிக்க முடியாதவை. வேட்டியின் மறுபக்கம் போய் யன்னலை நோக்கி நின்று பார்த்தால் எழுத்து தலைகீழாக மட்டும் இருக்கும். போனில் எடுத்துத் திருப்பினால் நேராக வாசிக்கலாம்.

படம் எடுப்பது என்று வந்தால், இந்தத் துறையில் எல்லோரும் சொல்லும் பெயர் அபெலார்டோ மொரெல். 1948இல் கியூபாவின் ஹவானாவில் பிறந்து, 1962இல் குடும்பத்தோடு அமெரிக்கா போய்ச் சேர்ந்தவர். பொஸ்ரனில் புகைப்படம் கற்பித்த காலத்தில், வகுப்பறை யன்னல்களைக் கறுப்பாக அடைத்துச் சிறு துளை விட்டு, தெரு சுவரில் தலைகீழாக நடப்பதை மாணவர்களுக்குக் காட்டுவார். அவர்களுடைய வியப்பைப் பார்த்த பிறகு, இந்தக் காட்சியையே படமாக்கினால் என்ன என்று தோன்றியது. 1991இல் தன் வீட்டு வரவேற்பறையை அடைத்து, உள்ளே பெரிய பிலிம் கமராவை நிறுத்தி, எதிர்வீடுகள் சுவரில் விழுந்ததைப் பதிவு செய்தார். ஒரு படத்துக்கு ஏறத்தாழ எட்டு மணிநேரம் கமரா திறந்திருக்க வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு மகனின் அறை, தரையில் விளையாட்டுப் பொருட்களோடு. அதற்குப்பின் ஹோட்டல் அறைகள், உலக நகரங்கள்.

அவர் படங்களில் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. சுவரை அவர் வெறுமையாக்குவதில்லை. கட்டிலும் கதவும் விளக்கும் அப்படியே இருக்க, அவற்றின்மேல் நகரம் விழுகிறது. அந்தக் கலப்பில்தான் சுவை. இங்கேயும் அலுமாரியையும் நாட்காட்டியையும் சுவாமிப் படத்தையும் கழற்றி வைக்க வேண்டாம். நாட்காட்டிமேல் தென்னோலை விழுந்தால் விழட்டும்.

எட்டு மணிநேரத்தில் தெருவில் நடந்தவர் எவரும் பிலிமில் பதிவதில்லை. நின்றவை மட்டும் நிற்கும். 1826 அல்லது 1827இல் பிரான்சில் நீயெப்ஸ் தன் மாடி யன்னலிலிருந்து எடுத்த, இன்று எஞ்சியுள்ள மிகப் பழைய கமராப் படமும் அப்படித்தான்: கூரைகள் மட்டும், ஆள் இல்லை. இன்றைய டிஜிற்றல் கமராவுக்கு அவ்வளவு நேரம் வேண்டாம். 15 மில்லிமீற்றர் துளை, நல்ல வெயில், ஐஎஸ்ஓ 800, துவாரம் எஃப் 5.6 என்று வைத்துப் பத்துச் செக்கனில் தொடங்கிக் கூட்டிக் குறைக்கலாம். புதிய போன்களில் இரவுப் பயன்முறையே போதும். இரண்டுக்கும் முக்காலி கட்டாயம். பத்துச் செக்கனில் ஓடுகிற பஸ் ஒரு நிறக்கோடாகும், பஸ்ஸுக்காக நிற்கிறவர் ஆளாகவே இருப்பார். தானாகக் குவியம் தேடும் வசதியை நிறுத்திவிட வேண்டும். இருட்டில் அது தேடித் தேடிக் களைத்துவிடும். டோர்ச் அடித்துச் சுவரில் ஒரு விளிம்பைப் பிடித்துக் குவியத்தை நிறுத்திய பின் டோர்ச்சை அணைக்கலாம்.

நேரம் தெரிந்து செய்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. சூரியன் வீட்டுக்குப் பின்னால் இருக்க, முன்னால் உள்ளவை வெயில் வாங்க வேண்டும். வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த மேற்கு யன்னலுக்குக் காலை ஒன்பது பத்து மணி. நீர் நீலமாக, ரயில் பாதை தெளிவாகத் தெரியும். கிழக்கு யன்னல்களுக்குப் பின்நேரம் மூன்றுக்கு மேல். மழைக்கால மேகமூட்டத்தில் கண்ணுக்கு ஒன்றும் பிடிபடாது, வில்லை வைத்தாலொழிய.

மாலையில் மேற்கு யன்னலில் வேறொரு காட்சி தொடங்கும். வெயில் நேரே துளைக்குள் வர, தரையிலோ சுவரிலோ ஒரு வெள்ளை வட்டம் விழும். அது துளையின் வடிவம் அல்ல, சூரியனின் படம். துளையைச் சதுரமாக வெட்டினாலும், அது சிறியதாக இருந்தால் வட்டமே விழும். கிடுகுக் கூரையும் துளைவிழுந்த தகரமும் தரையில் போடுகிற வட்டப் பொட்டுகள் எல்லாம் இதே சூரியன்கள்தான். மூன்று மீற்றரில் அதன் விட்டம் 28 மில்லிமீற்றர் அளவு. பென்சிலால் சுற்றிக் கோடு போட்டுவிட்டுப் பார்த்தால் இரண்டு நிமிடத்தில் வட்டம் கோட்டை விட்டு முழுதாக நகர்ந்திருக்கும். இந்த நேரத்தில் துளைக்குள் கண்ணை வைப்பது கூடாது. வில்லை பொருத்தியிருந்தால் சூரியன் நேராக வருமுன் மூடிவிட வேண்டும். குவிந்த வெயில் கண்ணுக்கும் துணிக்கும் ஆபத்து.

1544 ஜனவரி 24 அன்று லூவெயினில் சூரிய கிரகணத்தை ஜெம்மா பிரீசியஸ் என்ற அறிஞர் இப்படித்தான் பார்த்தார். துளைவிட்ட சுவரையும் எதிரே விழுந்த தலைகீழ்ப் பிறையையும் அவர் வரைந்து வெளியிட்ட படம், இருட்டறைக் கமராவின் முதல் அச்சுப் படமாகக் கருதப்படுகிறது. யாழ்ப்பாணத்தில் 2010 ஜனவரி 15 அன்று, தைப்பொங்கலுக்கு மறுநாள் மதியம், ஏறத்தாழ பத்து நிமிடம் நீடித்த கங்கண கிரகணத்தின்போதும், 2019 டிசம்பர் 26 காலையில் மறுபடியும், மர நிழல்களில் சூரியன் விழும் பொட்டெல்லாம் வளையமாகின. கொழும்புக்கு இரண்டு முறையும் பகுதிக் கிரகணம்தான்.

அடுத்த கங்கண கிரகணம் 2031 மே 21 அன்று கேரளத்தையும் தென் தமிழ்நாட்டையும் வட இலங்கையையும் கடக்கும். இங்கே அது மதியம் கடந்த நேரத்தில், சூரியன் ஏறக்குறைய உச்சியில் நிற்கும்போது நடக்கும் என்பதால் யன்னல் துளை உதவாது. தகரக் கூரை போட்ட களஞ்சிய அறையோ சமையல் கொட்டிலோ வடக்கில் யாரிடமாவது இருந்தால் அதுதான் இடம். கூரையில் மூன்று மில்லிமீற்றர் ஆணித்துளை, தரையில் வெயிற்பொட்டு விழும் இடத்தில் வெள்ளைத் தாள், கதவைச் சாத்திவிட்டுச் சுற்றி ஆறேழு பேர் உட்காரலாம். கூரை மூன்று மீற்றர் உயரமென்றால் தாளில் விழும் வளையம் பெருவிரல் மொழி அகலம் இருக்கும். ஐந்து மீற்றர் உயரக் கூரை கிடைத்தால் இன்னும் நல்லது. நாள் முடிந்ததும் ஓட்டையைத் தார் வைத்து அடைக்க மறக்கக்கூடாது.